குமட்டல் எண்

ருக்ஷானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் குமட்டும். உளுந்தூர்பேட்டைக்குப் பஸ்ஸில் போனால் பாதி வழியில் தலை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். பாலில் ஆடை மிதந்தால் தம்ளரைத் தள்ளிவைப்பாள். அவள் அத்தா அப்துல் ஜப்பார் கள்ளக்குறிச்சி மார்க்கெட் பக்கம் பிராய்லர் கோழிக்கடை வைத்திருந்தார். அவர் உயிரோடிருந்தவரை மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை அவளிடம் கொடுக்கவே முடியவில்லை. கடை வாசலில் நீல டிரம்மில் இறகும் குடலும் நிரம்பிக் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாலும் வெதுவெதுப்பான அந்த நாற்றம் துப்பட்டாவுக்குள் நுழைந்துவிடும். சாப்பாட்டுக் கூடையைப் பக்கத்துச் செருப்புக் கடையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

"அல்லா இவளுக்கு மட்டும் மூக்க ஜாஸ்தியா வெச்சு அனுப்பிட்டான்" என்று அம்மா அஸ்ரப் நிஷா சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பான் போடுகிறவன். அவள் குமட்டுவதைப் பார்ப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு. தான் துப்பிய தம்ளரை அலசாமல் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுப்பான். அவள் முகம் போகும் போக்கைத் தம்பிகளைக் கூப்பிட்டுக் காட்டுவான். "பழகிடும்" என்றார் மாமியார். சமாதானம் பேச உட்கார்ந்த பெரியவர்களில் ஒருவரும் அதையே சொன்னார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா? பழகிடும்."

ஒரு நாள் காலையில் அந்தத் தம்ளரில் பாதி டீயைக் குடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குமட்டவில்லை. நாக்கில் பாக்குத் தூள் நெருடியது, அவ்வளவுதான். அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

தூரத்து மாமா அமீனுல்லாவின் அச்சகத்தில் டி.டி.பி. வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜவ்வரிசி மூட்டைக்கு மேல் போடும் படம் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். கொரோனா ஊரடங்கில் அச்சகம் மூடிக்கிடந்தபோது, இணையத்தில் எழுத்துரு தேடப்போன இடத்தில் ஒரு விசித்திரமான ஆட்டம் கண்ணில் பட்டது. பலகை இல்லை, காய் இல்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். நீ கதவைத் திறக்கிறாயா, ஓடுகிறாயா, ஒளிந்துகொள்கிறாயா என்று நடத்துபவர் கேட்கிறார். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். இதற்கென்று விதிப் புத்தகங்கள் இருந்தன. பெரிய கம்பெனிகள் போடுவதைத் தவிர, எங்கெங்கோ தனியாட்கள் வீட்டிலிருந்தே எழுதி, படம் வரைந்து, பக்கம் அமைத்து வெளியிட்டார்கள். அதில் ஒரு வகை அவளைப் பிடித்துக்கொண்டது. தூரத்துக் கிரகங்கள், கெட்டுப்போன ஆய்வுக்கூடங்கள், மனித உடம்புக்குள் முளைக்கும் ஏதேதோ. வாசிக்கும்போது வயிறு புரளும். மூடிவைத்துவிட்டு மறுபடி திறப்பாள்.

ஊரடங்கு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அச்சகத்துக் காகிதம் வெட்டும் மேசையில் ஆட்டம் தொடங்கியது. கூட வேலை பார்த்த செந்தமிழ்ச்செல்வி வந்தாள். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மாவு சோதிக்கும் வேலையில் இருந்த அன்புச்செல்வன் வந்தான். மூட்டைப் படம் வாங்க வந்து பழக்கமானவன். ஆணும் பெண்ணும் பூட்டிய அச்சகத்தில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக அஸ்ரப் நிஷாவும் வந்து, ஷட்டரைப் பாதி திறந்துவைத்து, ஓரத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார்.

"இன்னா எழவு ஆட்டம்டி இது. செத்தவன் வவுத்துல இருந்து செடி வருதாம். சோறு எறங்குமா எனக்கு" என்பார். ஆனால் ஒரு வாரமும் வராமலிருந்ததில்லை.

மற்றவர்கள் எழுதிய ஆட்டங்களை நடத்திப் பார்த்தபின் தானே ஒன்று எழுத ருக்ஷானா ஆசைப்பட்டாள். முதல் முயற்சியில் பக்கம் பக்கமாக அருவருப்பான உயிரினங்களைக் கற்பனை செய்து அடுக்கினாள். சீழ் வடியும் கண்கள், தோலில்லாத நாய்கள், பல் முளைத்த சுவர். ஞாயிற்றுக்கிழமை அதை நடத்தினாள். அன்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. இதவிட ஜாஸ்தி எங்க ஆலைக்குப் பின்னாடி கீது."

அவன் வேடிக்கைக்குச் சொன்னதை அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே அந்த ஆலையின் மூட்டைக்குப் புதுப்படம் போடும் வேலை வந்தது. முதலாளிக்கு ஆலையையே படமாகப் போட வேண்டுமாம். அவள் நேரில் போனாள்.

கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் வந்த மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாகக் கொட்டிக் கிடந்தது. அரைத்த கிழங்கின் பால் வெள்ளையாகத் தொட்டிகளில் படிந்துகொண்டிருந்தது. அதுவரை சரி. பின்பக்கம் கழிவுநீர் நிற்கும் பள்ளத்துக்கு அன்பு அழைத்துப்போனான். சாம்பல் நிறத் தண்ணீர். மேலே தோல் மாதிரி ஒரு படலம். காற்றில்லாத நேரத்திலும் அந்தத் தோல் மெதுவாக மேலெழும்பி, ஒரு கொப்புளம் வெடித்து, மறுபடி மூடிக்கொண்டது. புளித்த சோறும் செத்த எலியும் சேர்ந்தது போன்ற நாற்றம். கரையில் குவித்திருந்த திப்பியில், அதாவது கிழங்குச் சக்கையில், புழு நெளிந்தது. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

ருக்ஷானா வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மொத தடவ அப்டிதாம்மா இருக்கும். எனக்கும் வந்துச்சு. இப்ப எங்களுக்கு ஒன்னும் தெரியறதில்ல."

அந்த வாரம் முழுக்க அவள் ஆலைக்குப் போய்வர வேண்டியிருந்தது. படம் முதலாளிக்குத் திருப்தியாகிறவரை மாற்றி மாற்றிப் போட்டாள். வார முடிவில் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாடி இது, பொணம் மாதிரி நாறிக்கினு வர்ற."

ருக்ஷானா துப்பட்டாவை முகத்தில் வைத்து மோந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கையை மோந்தாள். ஒன்றுமில்லை. உலகத்திலேயே அதிக மூக்கு தனக்குத்தான் என்று நினைத்திருந்தவள் குளியலறையில் நின்று திரும்பத் திரும்பத் தன் துணியை மோந்து பார்த்தாள். கோழிக்கடை டிரம்மைவிட, கழிவுநீர்ப் பள்ளத்தைவிட, அந்த ஒன்றுமில்லாமை அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

அதிலிருந்துதான் "ஊறல்" வந்தது.

கதை நடப்பது வேறொரு கிரகத்தில், மனிதர்கள் குடியேறிய ஒரு மாவு ஆலையில். அங்கே விளையும் ஒரு கிழங்கை ஊறவைத்துத்தான் அந்தக் குடியிருப்பே சாப்பிடுகிறது. தொட்டிக்குள் ஏதோ ஒன்று உயிரோடிருக்கிறது. அது யாரையும் துரத்துவதில்லை, கடிப்பதில்லை. ஊறிக்கொண்டிருக்கிறது. விளையாடுபவர்கள் ஆலைத் தொழிலாளிகள். தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்க வேண்டியவர்கள்.

ஆளுக்கொரு குமட்டல் எண் உண்டு. எல்லோருக்கும் பத்தில் தொடங்கும். அருவருப்பான ஒன்று எதிர்ப்படும்போது இரண்டு பகடையை உருட்ட வேண்டும். விழுந்தது உங்கள் எண்ணுக்குள் இருந்தால் குமட்டிவிடும். கையிலிருப்பதைப் போடுவீர்கள், வாந்தி எடுப்பீர்கள், அந்த வேலை நடக்காது. எண்ணைத் தாண்டி விழுந்தால் குமட்டாது. வேலையைச் சுலபமாக முடிக்கலாம். ஆனால் உங்கள் எண்ணில் ஒன்று குறையும். ஆகவே, பழகப் பழக ஆட்டம் எளிதாகும். எல்லோரும் எண் குறைய வேண்டும் என்றே ஆசைப்படுவார்கள். எண் பூஜ்யமானால் அந்தப் பாத்திரம் நடத்துபவருக்குச் சொந்தம். அது சாவதில்லை. சிரித்த முகமாக மற்றவர்களைத் தொட்டிக்குக் கூப்பிடும்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை செந்தமிழ்ச்செல்வியின் எண் பூஜ்யத்துக்கு வந்தது. ருக்ஷானா அவள் காதில் என்ன பேச வேண்டுமென்று சொன்னாள். செல்வி அன்புவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது போலச் சொன்னாள்.

"வாங்க அண்ணா. ஒன்னும் நாறல. இங்க ஒக்காந்து சாப்டலாம்."

அஸ்ரப் நிஷா பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஷட்டருக்கு வெளியே அவர் துப்புவது கேட்டது. ருக்ஷானாவுக்கு அப்போது வந்த சந்தோஷம் அதற்கு முன்னால் எதிலும் வந்ததில்லை.

ஆங்கிலத்தில் எழுதி, தானே பக்கம் அமைத்து இணையத்தில் போட்டாள். மெல்ல மெல்லப் பெயர் தெரிந்தது. போலந்திலிருந்து ஒருவர், எண்ணைக் குறைக்க ஆசைப்பட்ட தன்னை நினைத்தே அருவருப்பாயிருந்தது என்று எழுதினார். 2024 தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பதிப்பாளர் அழைத்தார். இது மாதிரி ஆட்டங்களை நல்ல தாளில், வண்ணப் படங்களோடு அச்சடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறவர். சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். "ஊறல்" தனக்கு வேண்டும் என்றார். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஜூன் மாதத்தில்தான் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் சாகத் தொடங்கினார்கள்.

ஆம்புலன்ஸ் சத்தம் அச்சகத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஆட்கள் போட்டோவோடு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் சரியான படம் இருக்காது. கல்யாணக் கும்பல் படத்திலிருந்தும் ஆதார் அட்டையிலிருந்தும் முகத்தை வெட்டி எடுத்துப் பின்னணியை அழித்து, பூ மாலையும் குத்துவிளக்கும் வைத்து, தோற்றம் மறைவு போட்டு, அழுபவர்கள் பெயரைக் கீழே வரிசைப்படுத்த வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பேர் போயிருந்தால் ஒரே போஸ்டரில் இரண்டு முகம். அன்புவின் சித்தப்பாவும் போய்விட்டார், பூமாலை என்று பெயர். மூட்டை தூக்குகிறவர். பேத்தியின் காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த படத்தை அன்பு அனுப்பினான். ருக்ஷானா குழந்தையை அழித்தாள். அவர் தோளில் ஒட்டியிருந்த சின்ன விரல்கள் மட்டும் போகவில்லை. சட்டை நிறத்தை எடுத்து மேலே பூசி மறைத்தாள்.

முதல் நாள் ஒவ்வொரு முகத்துக்கும் அவள் அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை. அதற்கடுத்த நாள் அமீனுல்லா பின்னால் வந்து நின்று, "வேகமாப் போட்றியேம்மா, நல்லது" என்றார். அப்போதுதான் தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தாள். போன போஸ்டரைத் திறக்கிறது. முகத்தை எடுக்கிறது. புது முகத்தை வைக்கிறது. பெயரை மாற்றுகிறது. கண்ணீர் அப்படியே இருக்கிறது. நடுவில் சமோசா வேறு தின்றிருக்கிறாள், மௌஸில் எண்ணெய்.

கழிப்பறைக்குப் போய்த் தொண்டைக்குள் விரல் விட்டாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து மிச்சப் போஸ்டரை முடித்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஜூலையில் பெங்களூர்க்காரர் வீடியோவில் வந்தார். முதலில் வருத்தம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ருக்ஷானா, ஊறல்னா சாராயம் காய்ச்ச ஊற வைக்கிறதுக்கும் அதான் பேராமே. மலையில போலீஸ் ஊறலை அழிச்சாங்கன்னு நியூஸ்ல வந்துச்சு. எனக்கு அது தெரியாது. செம்ம இல்ல?"

"இன்னா செம்ம?"

"அந்த மாவு ஆலையைச் சாராயக் காய்ச்சலா மாத்திடலாம். வேற கிரகம் வேணாம். ஒரு மலை, அடிவாரத்துல ஒரு டவுன். மலை ஜனங்க எதையோ காய்ச்சறாங்க, குடிச்சவங்க மாறறாங்க. கண்ணு போகுது, அப்புறம் அந்த எடத்துல வேற ஏதோ முளைக்குது. உங்க ஊர்லேர்ந்தே நீங்க எழுதறீங்கன்னு போட்டா வெளிநாட்டுல அப்படியே எடுத்துப்பாங்க."

ருக்ஷானா திரையிலிருந்த அந்த முகத்தையே பார்த்தாள். நல்ல முகம். பின்னால் அலமாரியில் வரிசையாகப் புத்தகங்கள். பேசும்போது மகிழ்ச்சியில் அவர் உதட்டோரம் எச்சில் கட்டியிருந்தது.

"கண்ணு போனவங்க ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க சார். உயிரோட இருக்காங்க."

"புரியுது. ஆனா ஹாரர்னா சங்கடப்படுத்தணும் இல்ல? உங்க ஆட்டமே அருவருப்பப் பத்திதான."

"ஆமா சார். இப்ப எனக்கு அருவருப்பாதான் கீது."

அவர் சிரித்தார், அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து. அவள் சிரிக்கவில்லை. ஆட்டத்தைத் தர முடியாது என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது அன்பு பகடையை மேசையில் வைத்துவிட்டான்.

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

"உன்ன இன்னா கேக்கறது?"

"செத்தது எங்க சித்தப்பா. டிவில அவரு ஒரு நம்பரு. தெருவுல குடிகாரன். எங்க சித்திகிட்டயே வந்து கெவர்மென்ட் குடுக்கற காசுக்கு செத்தான்னு பேசறானுங்க. வெளிநாட்டுல எவனாவது ஒருத்தன் இதப் படிச்சிட்டு, இப்டி நடந்துச்சான்னு கேட்டா கேக்கட்டுமே. உங்களுக்கு இன்னா போச்சு?"

"அதுல உங்க சித்தப்பா வரமாட்டாரு அன்பு. கண்ணுல எதோ மொளச்ச ஒரு பொம்ம வரும். பகட போட்டு அத சுடுவானுங்க."

"உங்களுக்கு எல்லாமே அசிங்கம். நீங்க மட்டும் சுத்தம்." அவன் எழுந்து செருப்பை மாட்டினான். அஸ்ரப் நிஷா, "டீ போட்ருக்கேன், குடிச்சிட்டுப் போப்பா" என்றதற்கும் திரும்பவில்லை.

அவன் சொன்னது அவளை விடவில்லை. சித்தப்பாவின் தோளிலிருந்த விரல்களைப் பூசி மறைத்தவள் அவள்தான். அதை அவனிடம் சொல்ல நினைத்தாள். அவன் போனை எடுக்கவில்லை. மேசை காலியானது. செந்தமிழ்ச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் பெங்களூர்க்காரரின் புத்தகம் அவள் இல்லாமலே வந்தது. ஊர்ப்பெயர் இல்லை. தென்னிந்தியாவில் ஏதோ ஒரு மலை. குமட்டல் எண்ணும் இல்லை. அதனால் திருட்டு என்று சொல்லவும் வழியில்லை. அட்டையில் ஒரு மலைப்பெண். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் பெண்கள் யாரும் கட்டாத ஏதோ ஒரு இலையுடை, கழுத்தில் எலும்பு. வாயிலிருந்து பச்சையாக ஒழுகுகிறது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் காளான். நன்றாக வரைந்திருந்தார்கள். அச்சுத் தரம் பிரமாதம் என்று அவள் தொழிற்கண் சொன்னது. அதற்காகவும் அவளுக்குத் தன்மேல் குமட்டியது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஷட்டருக்குக் கீழே குனிந்து அன்பு உள்ளே வந்தான். நனைந்திருந்தான். அஸ்ரப் நிஷா துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அந்த ஆட்டத்த ஆடனேன்க்கா. ஆன்லைன்ல. யாருன்னே தெரியாத பசங்க."

ருக்ஷானா ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாராயம் குடிச்ச ஒடனே பகட போடணும். எந்தக் கண்ணு மொதல்ல போவுதுன்னு பாக்க ஒரு அட்டவணை. ஒருத்தனுக்கு ரெண்டும் போச்சு. எல்லாரும் கைதட்டறானுங்க." அவன் துண்டைத் தலையில் வைத்தபடியே நின்றான். "நானும் தட்டனேன்க்கா. தட்டிட்டு அப்புறம்தான்..."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஷட்டரைத் தாண்டி ஓடினான். சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தான். ருக்ஷானா பின்னாலேயே போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. அவளுக்கும் புரட்டிக்கொண்டு வந்தது. கையை எடுக்கவில்லை. சித்தப்பாவின் போஸ்டரில் தான் என்ன செய்தாள் என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொழந்த இப்ப நடக்குது" என்றான். 

பிறகு இருவரும் உட்கார்ந்து ஆட்டத்தைத் திருத்தினார்கள். பெயரை எடுத்துவிட்டார்கள், இந்த ஊரில் அந்தச் சொல்லை இனி அட்டையில் போட முடியாது. "தொட்டி" என்று வைத்தார்கள். ஒரு விதியைச் சேர்த்தார்கள். ஒருவர் குமட்டி வாந்தி எடுக்கும்போது இன்னொருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து பிடித்துக்கொண்டால், இருவருக்கும் எண் ஒன்று கூடும். அன்பு கேட்டதால் அது சேர்ந்தது. ஆட்டம் அதனால் கடினமாகத்தான் ஆனது. பிடித்துக்கொள்ளப் போகிறவர்கள் வேலையை முடிப்பதில்லை, சுத்தம் செய்யாத தொட்டி நிரம்பிவிடுகிறது. பல மேசைகளில் யாரும் அந்த விதியைத் தொடுவதே இல்லை என்று விளையாடியவர்கள் எழுதினார்கள்.

தமிழில் அவளே மொழிபெயர்த்தாள். கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய தடித்த தாளில் அமீனுல்லாவே அட்டை அடித்துக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. தான் படித்த ஒரு பக்கமே போதும் என்று அஸ்ரப் நிஷா அவரைத் தடுத்துவிட்டார். அட்டையில் உயிரினம் எதுவும் இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர். மேலே மெல்லிய படலம். அதன் நடுவில் எழும்பிவரும் ஒரு கொப்புளம், இன்னும் வெடிக்காதது.

முதல் கட்டு கவுன்டரில் இருந்தபோது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மாதிரி பார்க்க ஒரு அம்மாள் வந்தார். திருநாவலூர் பக்கத்து விவசாயக் குடும்பம். மாதிரிகளோடு இதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஏதோ ஒட்டிக்கொண்டது போலச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, விரல்களைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கருமம்" என்றார்.

"புக்குங்க" என்றாள் ருக்ஷானா. கல்யாணப் பத்திரிகைகளை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.